அவ்வளவுதானா அக்கா

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே போதும். மலாயில் யார் எதைச் சொன்னாலும் அவர் பக்கத்தில் நிற்கும் தமிழரிடம் திரும்பி, "என்னா சொல்றாரு?" என்று கேட்பார். நாம் சொல்வோம். உடனே நகர மாட்டார். நம் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவ்ளோதானா?" என்பார். மீன்காரச் சீனர் மீன் தீர்ந்துவிட்டது என்று சொன்னாலும் அந்தக் கேள்வி வரும். தோட்டத்து மருந்தகத்தில் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னாலும் வரும். எடுத்துச் சொன்னவர் ஒன்றையும் ஒளிக்காவிட்டாலும், ஒளித்தவரைப் போல விழிக்க வேண்டியிருக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோருக்கு உள்ளே இருந்த ஒரு கித்தா தோட்டத்து, அதாவது ரப்பர் தோட்டத்து, தமிழ்ப்பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியராகப் போனேன். ஈப்போவில் வளர்ந்தவன். இருபத்திரண்டு வயது, நாக்கில் புத்தக மலாய், தலையில் நிறைய கனம். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம். வாரத்தில் இரண்டு நாள் மாலை ஐந்து மணிக்கு அதே பெஞ்சுகளில் அவர்களுடைய அம்மா அப்பாவுக்கு மலாய் வகுப்பு. படிப்பு ஆசையில் யாரும் வரவில்லை. பாதிப் பேர் கையில் சிவப்பு அடையாள அட்டை இருந்தது. இந்த மண்ணில் பிறந்திருந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடியுரிமை இல்லாதவர்கள். அவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பெர்மிட் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், இடம் இல்லை. எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சமயத்தில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டன. குடியுரிமைக்கான நீல அட்டைக்கு மனுப் போட்டால் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து மலாய் பேசிக் காட்ட வேண்டும்.

அவரிடமும் சிவப்பு அட்டைதான். வயது முப்பத்தைந்து இருக்கும். பால்மரம் வெட்டுகிற வேலை, மரத்தைக் கீறிப் பால் எடுப்பது. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள், என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தாள். இந்தியாவில் அவருக்கு ஒரு சொந்தம் கிடையாது, மூதாதையரின் ஊர்ப்பெயர்கூடத் தெரியாது. நீல அட்டை கிடைக்காவிட்டால் அவரை எங்கே அனுப்புவது என்பது அனுப்புகிறவர்களுக்கே தெரியாது.

அப்படிப்பட்டவர் வகுப்பில் எப்படி இருக்க வேண்டும்? விழுந்து விழுந்து படிக்க வேண்டாமா? ஒருநாள் தவறாமல் வருவார். கடைசி பெஞ்சில் சுவரோரமாகக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்காருவார். வாயைத் திறக்க மாட்டார். மற்றவர்கள் "அப்பா கபார்" என்று கூட்டமாக நலம் விசாரிக்கும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். எழுந்து பதில் சொல்லச் சொன்னால், "எனக்கு வராது வாத்தியாரே" என்று உட்கார்ந்தபடியே சொல்வார்.

ஆனால் நான் பிழையாக ஏதாவது சொன்னால் அவருடைய புருவம் லேசாக ஏறும். அது பிழை என்று எனக்கு அறைக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிய பிறகுதான் தெரியும். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தது. பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். இதைத் தற்செயல் என்று விட எனக்கு மனம் வரவில்லை.

மகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். மலாய்ப் பாடத்தில் அவள்தான் முதல். ஆனால் அவள் பேசியது நான் கற்றுக்கொடுத்த மலாய் அல்ல. 'நான்' என்பதற்குப் புத்தகத்தில் உள்ளபடி 'சாயா' என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அவசரத்தில் அவள் வாயில் 'தெமான்' என்று வரும். பேராக் ஆற்றங்கரைக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, மக்கள் தங்களுக்குள் பேசுகிற பேச்சு அது.

"இத யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல சார்."

"கம்பத்துப் பக்கம் போறியா?"

"இல்ல சார்." பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

அன்று மாலையே அவளுடைய அம்மா என் அறை வாசலில் வந்து நின்றார். "பிள்ளைகிட்ட என்னா கேட்டீங்க?"

சொன்னேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்க்கா."

"வாத்தியாரே, இவ அடுத்த வருசம் புகுமுக வகுப்புக்குப் போவணும். அங்க மலாய்ல தடுமாறக் கூடாது. அதுக்காகத் தமிழயும் விட்டுறக் கூடாது. அத மட்டும் பாருங்க. எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாக்காதீங்க."

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குள் நுழையுமுன் மலாய்க்காக ஓராண்டு உட்காரும் வகுப்பு அது. அங்கே போய்த் திக்குமுக்காடிப் படிப்பையே விட்ட பிள்ளைகள் லயத்துக்கு நாலு பேர் இருந்தார்கள். அவர் கவலை எனக்குப் புரிந்தது. அவர் என்னை வாயை மூடச் சொன்ன விதம்தான் பிடிக்கவில்லை.

ஒருநாள் அவர்கள் வீட்டைக் கடந்து போகும்போது உள்ளே மகள் மலாய்ப் பாடத்தைப் படித்துவிட்டு அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவர்கள் வீட்டு வழக்கம் என்று பிறகு தெரிந்தது. படிக்கிறதை முழுவதும் தமிழில் சொன்னால்தான் சோறு. மகள் முடித்ததும் அம்மாவின் குரல் கேட்டது: "இன்னும் ரெண்டு வரி படிச்சியே, அது எங்க?"

ரோட்டில் நின்றுவிட்டேன். மலாய் தெரியாதவருக்கு இரண்டு வரி விட்டுப்போனது எப்படித் தெரியும்?

தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியக்கூடாத விஷயம் என்றால் மலாய்க்குத் தாவிவிடுவார்கள். தண்டல், அதாவது வேலைக்காட்டில் ஆட்களை மேய்க்கிற கங்காணி, அவருடைய மனைவி இதில் கெட்டிக்காரி. கம்பத்திலிருந்து துணி விற்க வரும் மலாய்ப் பெண்மணியோடு பைப்படியில் நின்றுகொண்டு, அவ்வளவுதானா அக்காவை வைத்துக்கொண்டே, இவள் மகளுக்கு மலாய் எங்கிருந்து வந்தது, எந்த மலாய்க்காரன் வந்து போகிறான் என்று சிரித்துச் சிரித்துப் பேசுவார். ஒருநாள் என் காதாலேயே கேட்டேன். அக்கா நிதானமாக வாளியை இறக்கி வைத்துவிட்டு, "என்னா சொல்றாங்க?" என்று தண்டலின் மனைவியிடமே கேட்டார்.

"துணி நல்லாருக்குன்னு சொல்றாங்க லா."

"அவ்ளோதானா?"

"பின்ன?"

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நடையில் ஒரு மாற்றமும் இல்லை.

மரத்தில் கட்டிய மங்குகளில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைச் சிலர் வெளி வியாபாரிக்குத் தள்ளிவிடும் பேச்சும் அவர் முன்னாலேயே மலாயில்தான் நடந்தது. அவர் மரம் வெட்டும் நிரைக்குப் பக்கத்திலேயே நின்று நேரம் குறிப்பார்கள். ஒரு தடவை தோட்ட நிர்வாகியான துரைக்கு விஷயம் தெரிந்து மூன்று பேருக்கு வேலை போயிற்று. யார் சொன்னது என்று தெரியவில்லை. அவரை யாரும் சந்தேகப்படவில்லை. அவர்தான் ஒன்றும் தெரியாதவர் ஆயிற்றே.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

மனுப் பாரங்களை வாங்கி அனுப்பும் வேலையைத் தோட்டத்துக் கிராணியும் நானும் பார்த்தோம். கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர், மலையாளி. ஆபீசில் ஆட்கள் நிற்கும்போது எங்களுக்குள் மலாயில் பேசிக்கொள்வோம். அக்கா பாரத்தை நீட்டிக்கொண்டு மேசைக்கு எதிரே நின்றார். நான் கிராணியிடம் மலாயில் சொன்னேன்: "இவர் கெப்பாலா பத்து. ஆறு மாதமாக ஒரு சொல் வரவில்லை. இவரை அனுப்பினால் நம் வகுப்புக்குத்தான் கெட்ட பெயர். பாரம் இங்கேயே இருக்கட்டும்." கெப்பாலா பத்து என்றால் கல்மண்டை. கிராணி தலையாட்டிவிட்டுப் பாரத்தை இழுப்பறைக்குள் போட்டார்.

"என்னா பேசிக்கிட்டீங்க?" என்றார் அக்கா.

"ஒங்க பாரத்த எப்ப அனுப்பலாம்னு பேசிக்கிட்டோம்க்கா."

என்னை வெகுநேரம் பார்த்தார். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான்" என்றேன். என் காது சுட்டது.

இரண்டு மாதம் கழித்து நேர்முகத்துக்கு வரச்சொல்லி அவருக்கு ஈப்போவிலிருந்து கடிதம் வந்தது. கிராணியின் இழுப்பறையில் பாரம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. தபால் நிலையத்தில் வேறொரு பாரம் வாங்கி, மகளை விட்டு எழுத வைத்து, தாமே அனுப்பியிருக்கிறார். விசாரணைக்காக வகுப்பு ஆசிரியரின் குறிப்பை இலாகா கேட்டது. 'ஒழுங்காக வருகிறார், மலாய் பேச வராது' என்று எழுதி அனுப்பினேன். பார்த்ததைத்தானே எழுதினேன் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மனுதாரரைத் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தண்டலக் கூப்பிடலாமேக்கா?"

"நீங்க வாங்க வாத்தியாரே. என்னயப் பத்தி எழுதுனவரு நீங்கதான?"

காலை பஸ்ஸில் போனோம். அதிகாரி நரைத்த மீசை வைத்த மலாய்க்காரர். குழந்தையிடம் கேட்பது போல மெதுவாகவும் சத்தமாகவும், பெயர் என்ன, எங்கே வேலை என்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. நேராக அவரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

அப்படிப்பட்ட மலாயை நான் வானொலியில்கூடக் கேட்டதில்லை. தெமான், தெமான் என்று ஆற்றங்கரைப் பேச்சு தடையில்லாமல் வந்தது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவரும் அந்தப் பக்கத்துக்காரர் போலிருக்கிறது. வெள்ளம் வந்தால் வீட்டுக்கு அடியில் படகைக் கட்டுவது, டுரியான் விழும் சத்தம் கேட்டு ஓடுவது என்று இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இத்தனை மாதமாக நான் யாருக்கு "அப்பா கபார்" கற்றுக்கொடுத்தேன்?

பிறகு அவர் கோப்பைத் திறந்தார். என் குறிப்பைப் படித்தார். முகம் மாறிற்று.

"இதை எழுதியது யார்?"

"நான்தான்."

"மலாய் பேச வராது என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாம்."

"அப்படியானால் என் முன்னால் உட்கார்ந்திருப்பது யார்?"

மலாய் தெரிந்த வேறு ஒருவரைத் தன் பெயரில் உட்கார வைக்கிற வேலையும் அப்போது நடந்தது. சிவப்பு அட்டையிலிருந்த பழைய, மங்கிப்போன படத்தை எடுத்து அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கையிலெடுத்த முத்திரையை மேசைக்குள் வைத்துவிட்டார். "உண்மையைச் சொல்லுங்கள் ஆசிரியரே. இவர்தானா அவர்?"

ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வெட்கக்கேடு, ஆனால் வந்தது. "சாயா... சாயா..." என்று இழுத்தேன். சான்றிதழ் வாங்கிய மலாய் அதற்கு மேல் வரவில்லை. நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அவருடைய நீல அட்டை போயிற்று. ஆள்மாறாட்டம் என்று எழுதினால் சிவப்பு அட்டையும் போகும்.

அக்காதான் எனக்காகப் பேசினார். அவர் மலாயில் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன். எதையும் விடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"அவரைக் கோபிக்காதீர்கள் துவான். நான் அவர் வகுப்பில் வாய் திறந்ததில்லை. பார்த்ததைத்தான் எழுதினார். ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அம்மாவால் எனக்குச் சோறு போட முடியவில்லை. ஆற்றங்கரைக் கம்பத்தில் ஒரு வீட்டில் விட்டுப் போனார். எனக்கு அப்போது ஐந்து வயது. அவர்கள் மரவள்ளியைத் தின்றுவிட்டு எனக்குச் சோறு வைத்தார்கள். அங்கே ஆறு வருஷம் இருந்தேன். அம்மா வந்து தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது எனக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. அம்மாவுக்கு மலாய் ஒரு சொல் தெரியாது. லயத்துப் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று சிரித்தார்கள். நாலு மாதத்தில் அம்மா படுத்துவிட்டார். கடைசி நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார். பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குக் கொஞ்சம் மலாய் தெரியும். அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்கிறார் என்றார். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார். சாப்பிடு என்று சொல்ல அத்தனை நேரம் ஆகாது என்று எனக்கே தெரிந்தது."

அதிகாரி என் குறிப்பை மடித்துக் கோப்புக்குள் வைத்தார்.

"தமிழ் கற்றுக்கொண்ட பிறகு அதே பெண்மணியிடம் போய்க் கேட்டேன் துவான். அவருக்கு மறந்துவிட்டது."

"மலாயை ஏன் மறைத்தீர்கள்?"

"முதலில் வெட்கத்தில் மறைத்தேன். தெரியாதவள் என்று நினைத்து எல்லாரும் என் முன்னாலேயே என்னென்னவோ பேசினார்கள். அதையெல்லாம் கேட்ட பிறகு, தெரியும் என்று எப்படிச் சொல்வேன்?"

முத்திரை வெளியே வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது, "அக்கா, அன்னிக்கு ஆபீஸ்ல நான்..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க. நீங்க மட்டுமா?" பஸ் தோட்டத்து ரோட்டில் திரும்பியபோது, "லயத்துல சொல்லிடாதீங்க வாத்தியாரே. சொன்னா அங்க இருக்க முடியாது" என்றார்.

"சத்தியமா சொல்ல மாட்டேன்க்கா."

நான்கு நாள் சொல்லாமல் இருந்தேன். வாய் பேசாதவர் பாஸ் பண்ணிவிட்டார், வகுப்பில் வாய் கிழியப் பேசிய இரண்டு பேர் பெயிலாகிவிட்டார்கள் என்று தோட்டம் முழுக்க ஒரே பேச்சு. ஐந்தாம் நாள் ஒட்டுக்கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தண்டல் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, அந்தம்மாவுக்கு மட்டும் எப்டி லா கெடச்சுச்சு? நீங்கதான் கூடப் போனீங்களாம். ஆபீசருக்கு ஏதாச்சும் குடுத்தீங்களா? இல்ல, ஒங்களுக்கும் அந்தம்மாவுக்கும் என்னாச்சும்..."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நிரந்தர வேலைக்கான கடிதம் வர வேண்டிய நேரம். ரத்தம் தலைக்கேறிவிட்டது.

"என்னா பேசறீங்க? அவங்களுக்கு ஒங்க எல்லாரையும் விட நல்லா மலாய் தெரியும். சின்ன வயசிலேர்ந்து தெரியும். கம்பத்துல வளந்தவங்க."

சொல்லி முடித்த பிறகுதான் கடை எவ்வளவு அமைதியாகிவிட்டது என்பது தெரிந்தது. என் மேல் விழுந்த சந்தேகத்தை எடுத்து அவர் தலையில் போட்டுவிட்டேன். இதற்குக் காட்டிக்கொடுப்பது என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியாது.

ஒவ்வொருவரும் தாம் அவர் முன்னால் என்னென்ன பேசினோம் என்று பின்னோக்கி யோசித்திருக்க வேண்டும். "வாயில வெரல வச்சா கடிக்கத் தெரியாதவ மாதிரி இருந்தாளே" என்று தண்டலின் மனைவி பைப்படியில் நின்று கத்தினார். அவதூறு பேசியவர் அவர். கேட்டுக்கொண்டு நின்றவர் குற்றவாளி ஆகிவிட்டார். ஒட்டுப்பால் விவகாரத்தில் வேலை போனவர்களின் சொந்தக்காரர்கள், துரைக்குப் போட்டுக் கொடுத்தது யார் என்று இப்போது விளங்கிவிட்டது என்றார்கள். அவர்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இல்லை என்று அடித்துச் சொல்லத்தான் ஆசை. பக்கத்து நிரையில் மரம் வெட்ட ஆள் வரவில்லை. அவர் பைப்படிக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். அவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை, விளக்கமும் சொல்லவில்லை.

மூன்று மாதத்தில் கிளம்பிவிட்டார். மகள்தான் பள்ளி மாற்றுக் கடிதம் கேட்டு என்னிடம் வந்தாள். "அம்மா வெளியில நிக்கிறாங்க சார்" என்றாள். கடிதத்தை எழுதிக்கொண்டு நானே வெளியே போனேன். அவர் லாரியில் சாமான்களோடு ஏறி உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தை மகள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

எண்பதுகளின் நடுவில் நான் ஈப்போவுக்கே மாற்றலாகி வந்துவிட்டேன். ஒரு சனிக்கிழமை காலை சந்தையில் கீரை வாங்கப் போனபோது, மலாய்ப் பெண்களின் கடை வரிசையில் அவரைப் பார்த்தேன். முன்தலை நரைத்திருந்தது. முன்னால் கங்கோங் கீரை, வெண்டைக்காய், மரவள்ளி இலை. இருபக்கத்துக் கடைக்காரிகளோடும் சத்தமாக மலாயில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு வருஷமாக மனத்தில் வைத்திருந்த மன்னிப்பு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"அக்கா, என்னைத் தெரியுதா? நான்தான் வாத்தியாரு."

சிரிப்பு நின்றது. அந்த நிதானமான பார்வை என் முகத்தில் வெகுநேரம் இருந்தது. பிறகு மலாயில் பதில் சொன்னார். நான் கற்றுக்கொடுத்த புத்தக மலாயில், முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற மரியாதையோடு: "மன்னிக்க வேண்டும் ஐயா, நான் உங்களுக்குத் தெரிந்தவள் இல்லை. ஆள் மாறிப் பேசுகிறீர்கள். கீரை வேண்டுமா?"

ஒரு கட்டு கீரையை வாங்கிக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு வயதான தமிழ்ப் பெண்மணி, கடைக்காரி மலாய்க்காரி என்று நினைத்துக்கொண்டு, வராத மலாயில் தட்டுத்தடுமாறி வெண்டைக்காய் என்ன விலை என்று கேட்டார்.

"தமிழ்லயே கேளுங்கம்மா" என்றார் அவர். "எனக்குத் தெரியும்."